பூவும் எலுமிச்சையும்: கத்திரி வெயிலுக்கு வீட்டு சர்பத்

சித்திரை பிறந்ததும் தெருமுனைக்கு நன்னாரி சர்பத் வண்டி வந்துவிடுகிறது. பக்கத்துக் கடையில் ரோஸ்மில்க், பன்னீர் சோடா, எலுமிச்சை சோடா. பெரிய ஊர்களின் கஃபேக்களில் இப்போது கண்ணாடிக் குவளையில் நீலமாக ஒன்றை ஊற்றி, கண்ணெதிரே எலுமிச்சை பிழிந்து ஊதாவாக மாற்றிக் காட்டி நல்ல விலை வாங்குகிறார்கள். அந்த நீலம் வேறொன்றுமில்லை, வேலியில் தானாகப் படர்ந்து கிடக்கும் சங்குப்பூ.

பூவைத் தண்ணீரில் போட்டுக் குடிப்பது நமக்குப் புதிதில்லை. புதிதாக வந்திருப்பது அதைச் சுற்றிய ஆரவாரம். கைபேசியைத் திறந்தால் செம்பருத்தி கொழுப்பைக் கரைக்கிறது, சங்குப்பூ மூளையைத் தீட்டுகிறது, எலுமிச்சை உடம்பில் சேர்ந்த நச்சையெல்லாம் கழுவித் தள்ளுகிறது. கழிவை அகற்ற நமக்குச் சிறுநீரகமும் கல்லீரலும் இருக்கின்றன. அவை எலுமிச்சைக்காகக் காத்திருப்பதில்லை. வெயில் காலத்தில் ஒரு பூ சர்பத்திடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வெறும் தண்ணீர் குடிக்கச் சலித்துக்கொள்பவரை, அதிகச் சர்க்கரை இல்லாமல், இன்னும் ஒரு குவளை குடிக்க வைப்பது. வியர்வையில் உப்பும் நீரும் ஓடிக்கொண்டிருக்கும் மே மாதத்தில் இது சின்ன உதவியில்லை.

நிறம் பூவுடையது, புளிப்பு பழத்துடையது

செம்பருத்தி, சங்குப்பூ, சிவப்பு ரோஜா மூன்றுக்கும் நிறம் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி வகை. நாவல்பழத்தில் இருப்பதும் இதே வகைதான். அமிலம் பட்டால் இது சிவப்பு, இளஞ்சிவப்புப் பக்கம் போகும். காரம் பட்டால் நீலம், பச்சைப் பக்கம் போகும். அதனால்தான் எலுமிச்சை பிழிந்ததும் நிறம் மாறுகிறது. போர் தண்ணீரில் செம்பருத்தியைப் போட்டால் சாயம் கலங்கிப் பச்சை தட்டுவதும் இதனால்தான். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும்போது காரத்தன்மை இன்னும் கூடும். நல்ல தண்ணீரில் செய்தால் நிறம் தெளிவாக வரும்.

எலுமிச்சையைப் பற்றி ஒரு கணக்கு சொல்ல வேண்டும். 100 மில்லி எலுமிச்சைச் சாற்றில் வைட்டமின் சி ஏறக்குறைய 30 முதல் 50 மில்லிகிராம். ஒரு நாட்டு எலுமிச்சையில் 20 மில்லி சாறு வந்தால் பெரிது. அதாவது ஒரு பழத்துக்கு 6 முதல் 10 மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராமும் பெண்ணுக்கு 65 மில்லிகிராமும் தேவை. ஒரு கொய்யாப்பழமே இதைத் தாண்டிவிடும். சாத்துக்குடியும் கமலா ஆரஞ்சும் எலுமிச்சையைவிட இந்த வகையில் மேல். அவற்றை அதிக அளவில் சாப்பிட முடிகிறதே.

எலுமிச்சையின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அதன் சிட்ரிக் அமிலம் உடலில் சிட்ரேட்டாகிச் சிறுநீரில் சேரும்போது, கால்சியம் படிகங்கள் ஒட்டிக் கல்லாவது குறைகிறது. வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்துச் சிறுநீரகக் கல்லோடு வருபவர்கள் கோடையில் அதிகம் என்பதால், எலுமிச்சைத் தண்ணீருக்கு இங்கே உண்மையான வேலை உண்டு. கூடவே, புளிப்பு இருந்தால் நாக்கு குறைந்த இனிப்பிலேயே திருப்திப்படும்.

வைட்டமின் சி சூட்டில் சிதையும். ஆகவே பூவைக் கொதிநீரில் போடலாம், எலுமிச்சையைப் போடக் கூடாது. ஆறிய பிறகு, குடிக்கப் போகும் நேரத்தில் பிழிய வேண்டும். விதையை நசுக்காமல், தோலைக் கசக்கிப் பிழியாமல் எடுத்தால் கசப்பு வராது. சாத்துக்குடிச் சாறு பிழிந்து வைத்தால் நேரம் ஆக ஆகக் கசக்கும். அதிலுள்ள ஒரு பொருள் அமிலத்தோடு சேர்ந்து மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுவதே காரணம். கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை, உடனே குடித்துவிட வேண்டியதுதான்.

செம்பருத்தி: கறுத்த தண்ணீர் சிவக்கும்போது

சர்பத்துக்கு நல்லது ஒற்றை அடுக்குச் சிவப்புச் செம்பருத்தி. காலையில் விரிந்த பூ 10 எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் பச்சைக் காம்பையும், நடுவில் மகரந்தத்தோடு நீட்டிக்கொண்டிருக்கும் தண்டையும் கிள்ளி எடுத்துவிட வேண்டும். மகரந்தம் சிலருக்கு ஒவ்வாமை தரும், பானத்திலும் தூசியாக மிதக்கும். இதழின் அடியில் எறும்பு இருக்கும். உப்புத் தண்ணீரில் சற்று நேரம் போட்டு அலசினால் வெளியே வந்துவிடும்.

அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பை அணைத்துவிட்டு இதழ்களைப் போட்டு மூடுங்கள். 10 நிமிடத்தில் இதழ் வெளுத்து, தண்ணீர் கரும் ஊதாவாகக் கிடக்கும். முதன்முறை செய்பவர் பார்த்தால் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்றே நினைப்பார். கொஞ்சம் வழுவழுப்பும் இருக்கும். அது பூவின் பசை. வடிகட்டும்போது இதழ்களைப் பிழியாமல் விட்டால் குறையும். ஆறியதும் ஒரு எலுமிச்சையைப் பிழியுங்கள். முதல் சொட்டு விழுந்த இடத்திலிருந்து சிவப்பு கிளம்பிப் பரவி, நொடியில் பாத்திரம் முழுக்க மாதுளை முத்தின் நிறமாகிவிடும். ஒரு சிட்டிகை உப்பு, ஒரு துண்டு தட்டிய இஞ்சி, அளவாக இனிப்பு. செம்பருத்திக்கென்று பெரிய மணம் கிடையாது, அதனால் இஞ்சியோ புதினாவோ சேர்ப்பது நல்லது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். செம்பருத்தித் தேநீர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று படித்திருப்பீர்கள். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010 இல் வெளியிட்ட ஆய்வில், லேசான ரத்த அழுத்தம் உள்ள 65 பேரில் ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 3 கோப்பை வீதம் 6 வாரம் கொடுத்தபோது மேல் அளவு சராசரியாக 7 புள்ளி இறங்கியது. ஆனால் அவர்கள் கொடுத்தது நம் வாசலில் பூக்கும் செம்பருத்தியை அல்ல. அது புளிச்சக்கீரை இனத்தைச் சேர்ந்த செடி. அதில் பானத்துக்கு எடுப்பது இதழ்கூட இல்லை, காயைச் சுற்றியிருக்கும் சிவந்த புளிப்பான புல்லிவட்டம். எகிப்தில் கர்க்கடே என்றும் மெக்சிகோவில் ஜமைக்கா தண்ணீர் என்றும் குடிப்பது இதைத்தான். காய்ந்ததாகக் கடைகளில் ‘ஹைபிஸ்கஸ் டீ’ என்று விற்பதும் பெரும்பாலும் இதுவே. ஒன்றின் பலனை இன்னொன்றின் கணக்கில் எழுதுவது சரியில்லை. வீட்டுச் செம்பருத்தியை நிறத்துக்காகவும் ருசிக்காகவும் குடியுங்கள். மாத்திரையை அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

வேலியில் கிடக்கும் நீலம்

சங்குப்பூவுக்குச் செய்முறை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு குவளை சூடான தண்ணீரில் 5 அல்லது 6 பூ. பச்சைக் காம்பை நீக்கிவிட்டுப் போட்டால் 5 நிமிடத்தில் ஆழ்ந்த நீலம் இறங்கும். ருசி ஏறக்குறைய எதுவுமில்லை, கொஞ்சம் பச்சைப் பயறு வேகவைத்த தண்ணீர் போல இருக்கும். அவரைக் குடும்பத்துச் செடிதானே. ஆகவே இதைத் தனியாகக் குடிக்காமல் நன்னாரிச் சாறோடும் எலுமிச்சையோடும் சேர்ப்பதுதான் புத்திசாலித்தனம். மணத்தை நன்னாரி தரும், நிறத்தைச் சங்குப்பூ தரும். தாய்லாந்தில் இதே பூவை எலுமிச்சையோடு விருந்தினருக்கு வரவேற்புப் பானமாகக் கொடுக்கிறார்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை அவர்கள் கையாலேயே செய்ய விடலாம். நீலத் தண்ணீரைப் பானையிலிருந்து குவளைக்கு ஊற்றி, எலுமிச்சை மூடியைக் கையில் கொடுத்தால், குளிர்பானப் பாட்டில் கேட்கும் பிள்ளையும் இரண்டு குவளை குடிக்கும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை இரு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021 இல் சங்குப்பூச் சாற்றை உணவு நிறமியாக அனுமதித்தது. மறுவருடம் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், காய்ந்த பூவை உணவாக விற்க வந்த விண்ணப்பத்துக்கு ஆட்சேபம் சொன்னது. இந்தச் செடியில் இருக்கும் சைக்ளோடைடு என்ற புரதத் துணுக்குகளைக் காரணம் காட்டியது. எப்போதாவது 5 பூ போட்டுக் குடிப்பதற்கு இதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. தினமும் கைநிறையப் போட்டுக் காய்ச்சிக் குடிக்கச் சொல்பவர் பேச்சைத்தான் கேட்க வேண்டாம். வேரும் விதையும் பேதியாக்கும், அவற்றைத் தொடவே வேண்டாம்.

பன்னீர் ரோஜாவும் சாத்துக்குடியும்

பன்னீர் ரோஜாவைக் கொதிக்க வைத்தால் மணம் ஆவியோடு போய்விடும். இரவில் மண்பானைத் தண்ணீரில் இரண்டு கைப்பிடி இதழைப் போட்டு மூடி வைத்துவிட்டுக் காலையில் வடிகட்டுவதே சரியான வழி. இதழின் அடியில் வெளுத்த நுனி இருக்கும், அது கசக்கும். பொறுமை இருந்தால் கத்தரித்துவிடுங்கள். இந்தத் தண்ணீரில் பாதிக்குப் பாதி சாத்துக்குடிச் சாறும், ஊறவைத்த சப்ஜா விதை ஒரு தேக்கரண்டியும் சேர்த்தால் சர்க்கரையே வேண்டாம். சப்ஜாவை நன்றாக ஊறிப் பருத்த பிறகே சேர்க்க வேண்டும்; உலர்ந்ததாக விழுங்கினால் தொண்டையில் உப்பிக்கொள்ளும்.

இப்படிச் செய்த ரோஜாத் தண்ணீர் ஏறக்குறைய நிறமில்லாமல்தான் இருக்கும். கடையில் கிடைக்கும் ரோஸ்மில்க்கின் சிவப்பு பூவிலிருந்து வந்ததில்லை. அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறமி அளவோடு இருந்தால் பரவாயில்லை. ஆனால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டது, உணவில் சேர்க்கவே கூடாத ரோடமின்-பி என்ற சாயம் அதில் கண்டுபிடிக்கப்பட்டதால்தான். கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பைக் கண்டால் யோசிக்கலாம்.

ஆவாரை, வேம்பு, நார்த்தை இலை

ஆவாரை பூத்த ஊரில் சாவே இல்லை என்கிற அளவுக்குப் பழமொழி கட்டிப் புகழ்ந்திருக்கிறார்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது வேப்பிலை, பூளைப்பூவோடு நிற்பதும் இந்த மஞ்சள் பூதான். இலங்கையில் ரணவரா என்ற பெயரில் இதைத் தேநீராகவே குடிக்கிறார்கள். வில்வப்பூவில் போடும் பெலிமல் தேநீரும் அங்கே பிரசித்தம், இரண்டுக்கும் கருப்பட்டி தொட்டுக்கொள்வார்கள். காய்ந்த ஆவாரம்பூ ஒரு தேக்கரண்டியைக் கொதிநீரில் போட்டு ஆறவிட்டு, எலுமிச்சையும் பனங்கற்கண்டும் சேர்த்தால் பொன்னிறத்தில் மெல்லிய துவர்ப்போடு ஒரு பானம் கிடைக்கும். நாட்டு மருந்துக் கடையில் கேட்கும்போது பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். நிலாவாரை வேறு, அது பேதி மருந்து.

வேப்பம்பூவைச் சித்திரை முதல் நாள் பச்சடியோடு நிறுத்திவிடுகிறோம். ராம நவமிப் பானகத்தில் வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காயோடு நெய்யில் வறுத்த வேப்பம்பூ ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். இனிப்பும் புளிப்பும் திகட்டாமல் அந்தக் கசப்பு பிடித்து நிறுத்தும். எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

பூ கிடைக்காத நாளில் நார்த்தை இலை போதும். நீர்மோரில் இரண்டு இளம் இலையைக் கிழித்துப் போட்டு, உப்பும் பெருங்காயமும் சேர்த்தால், என் கணக்கில் இந்தக் கட்டுரையில் சொன்ன எல்லாவற்றையும்விட இதுவே வெயிலுக்கு ஏற்ற பானம். உப்பு உண்டு, நீர் உண்டு, சர்க்கரை இல்லை.

சர்க்கரைதான் கவனிக்க வேண்டியது

உலக சுகாதார நிறுவனம் 2015 இல் சொன்னது: நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை, மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும், இருபதில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அந்த இரண்டாவது அளவு 25 கிராம், சுமார் 6 தேக்கரண்டி. கடையில் வாங்கும் சர்பத் பாகில் 65 விழுக்காட்டுக்குக் குறையாமல் கரைபொருள் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுத் தர விதி. அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். 30 மில்லி பாகை ஒரு குவளையில் ஊற்றினால் அந்த 25 கிராம் அங்கேயே முடிந்துவிடும். நாள் முழுக்கக் குடிக்கும் காபி, டீ எல்லாம் அதற்கு மேல்.

வெல்லம், கருப்பட்டி, தேன் என்று மாற்றினால் கணக்கு மாறிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மணம் மாறும், ரத்தச் சர்க்கரையில் பெரிய வித்தியாசம் வராது. வீட்டில் செய்யும்போது குவளைக்கு ஒரு தேக்கரண்டியில் தொடங்குங்கள். சில்லென்ற பானத்தில் இனிப்பு மந்தமாகத் தெரியும் என்பதால், ஐஸ் கட்டி போடும் முன்பே ருசி பார்த்துவிட வேண்டும்.

ஐஸ் கட்டியைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மீனைப் பதப்படுத்த உடைக்கும் பாளம் குடிநீரில் செய்ததாக இருக்க வேண்டிய அவசியமில்லை. வண்டிக்கடையில் கோணிச் சாக்கில் சுற்றிய பாளத்தை உடைத்துப் போட்டால், பூவும் பழமும் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. வீட்டில் மண்பானை போதும். சென்னை போன்ற கடற்கரை ஊரில் காற்றின் ஈரத்தால் பானைத் தண்ணீர் மதுரை அளவுக்குக் குளிராது, அவ்வளவுதான் குறை. எலுமிச்சை சேர்த்த பானத்தைப் பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்களில் வைக்காதீர்கள்; அமிலம் உலோகத்தைக் கரைக்கும். கண்ணாடி, எவர்சில்வர், மண் மூன்றும் சரி.

எந்தப் பூ, எங்கிருந்து வந்த பூ

பூக்கடையில் வாங்கிய பூவைப் பானத்தில் போடக் கூடாது. தோவாளையிலோ நிலக்கோட்டையிலோ சந்தைக்கு வரும் பூ, உண்பதற்காக விளைவிக்கப்பட்டதில்லை. பூக்கார அக்காவிடம் கேட்டுப் பாருங்கள், “மருந்தடிச்ச பூவுங்க, தலைக்கு வைக்கத்தான்” என்று அவரே சொல்வார். சாமிக்குச் சாத்திய மாலையிலிருந்து உதிர்த்த ரோஜாவுக்கும் இதே விதிதான். ஒரு தொட்டியில் சங்குப்பூ விதையை இரவு ஊறவைத்து ஊன்றினால், வெயில் படும் இடமாக இருந்தால் இரண்டு மாதத்துக்குள் பூக்கத் தொடங்கிவிடும். செம்பருத்திக்குக் குச்சி போதும். சாலையோரம் புகை குடித்து நிற்கும் செடியில் பறிக்காதீர்கள்.

அழகாக இருப்பதெல்லாம் உணவாகாது. அரளியில், மஞ்சள் அரளி உட்பட, இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு இருக்கிறது. 2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் நிவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியைத் தவிர்க்கச் சொன்னது இதனால்தான். ஊமத்தம்பூ மயக்கமும் பிதற்றலும் உண்டாக்கும். நம் மாநில மலரான செங்காந்தளின் எல்லாப் பாகத்திலும் கோல்ச்சிசின் என்ற நஞ்சு உண்டு. எருக்கின் பாலும் அப்படியே ஆபத்து. நித்திய கல்யாணிப் பூவைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயமாகக் குடிக்கச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் செடியிலிருந்து எடுப்பது புற்றுநோய்க்கு ஏற்றும் கடுமையான மருந்து. பெயர் உறுதியாகத் தெரியாத பூவை வாயில் வைக்க வேண்டாம்.

இவர்கள் கேட்டுக்கொண்டு குடிக்கட்டும்

கருவுற்றிருப்பவர்களும், கருத்தரிக்க முயல்பவர்களும் செம்பருத்திப் பானத்தைத் தவிர்ப்பது நல்லது. ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுப்பவர்கள் கர்க்கடே வகைத் தேநீரையும் ஆவாரம்பூவையும் தினசரி வழக்கமாக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு நீரின் அளவும் பொட்டாசியமும் கட்டுப்பாட்டில் இருக்கும். சாத்துக்குடிச் சாறுகூட அவர்களுக்குக் கேட்டுக் குடிக்க வேண்டிய பொருள்.

பம்ளிமாஸ் சாற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் உறவான கிரேப்ஃப்ரூட் சாறு, ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடுவதைக் கனடாவின் ஆய்வாளர்கள் 1980களின் இறுதியில் கண்டார்கள். சில கொழுப்பு மாத்திரைகளுக்கும் இது நடக்கும். பம்ளிமாஸிலும் அதே வகைப் பொருள்கள் உண்டு. எலுமிச்சைக்கு இந்த அளவு பயமில்லை.

எலுமிச்சைச் சாற்றின் அமிலம் பல் எனாமலைக் கரைக்கும் அளவுக்குக் கடுமையானது. ஒரு குவளையை ஒரு மணி நேரம் வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டே இருப்பதுதான் பல்லுக்கு மோசம். குடித்ததும் தண்ணீரில் கொப்பளியுங்கள், அரை மணி நேரத்துக்குப் பல் துலக்காதீர்கள். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் வேண்டாம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கலந்த எதுவும் கூடாது. 6 மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் தேவையில்லை.

சர்பத் போதாத நேரம்

வாந்தி, வயிற்றுப்போக்கு என்று நீர் வற்றும்போது பூ சர்பத்தை நம்பக் கூடாது. அப்போது உப்புச் சர்க்கரைக் கரைசல்தான் மருந்து. மருந்துக் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் பொட்டலத்தை, அதில் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலை தட்டி அளந்து போடுங்கள். சர்க்கரை கூடினால் பேதி அதிகமாகும், உப்பு கூடினால் ஆபத்து. குடலில் உப்பைச் சர்க்கரை கூட்டிக்கொண்டு போக, அவற்றோடு நீரும் உள்ளே போகிறது; அதனால்தான் இந்த அளவு முக்கியம்.

வெயிலில் நின்றவருக்கு உடல் நெருப்பாகக் கொதித்து, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பவாதம். உடனே நிழலுக்குத் தூக்கி, உடையைத் தளர்த்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எலுமிச்சைத் தண்ணீர் உட்பட எதையும் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குப் போய்விடும். 108 ஐ அழையுங்கள்.